பால் தளும்பாத வேகம்

முதலில் கழற்றியது முன் மட்காட்டை.
கார்த்திகைக் களிமண் அதற்கும் சில்லுக்கும் நடுவில் புகுந்து
பிட்டு மாதிரி இறுகிவிடும்.
சில்லு நிற்கும். நான் நிற்கமாட்டேன்.
மூன்று தரம் விழுந்தேன். நாலாந்தரம்
கான் மூடி கழன்று பதினெட்டு லீற்றர்
வாய்க்காலோடு போனது.
வெள்ளையாய் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற கொக்கு
இன்னும் என் கொப்பியில் கடன்காரன்.

ஒட்டுசுட்டான் சந்தியில் இமானுவேல்,
"செய்யலாம் அக்கா, ஆனா வேகம் போயிடும்" என்றான்.
வேகம் ஆருக்கு வேணும்?
பதினைந்து பல்லைக் கழற்றிப் பதின்மூன்று பல்லுப் போட்டோம்.
இப்போது இரண்டாம் கியரில்
சேற்றுக்குள்ளால் எருமை போல வருகிறது.
தார் ரோட்டிலோ பள்ளிக்கூடப் பிள்ளைகள்
சைக்கிளில் என்னைக் கடந்து மணி அடிக்கிறார்கள்.

பின் ஷொக்கில்தான் பிழைவிட்டோம்.
இறுக்கமான ஸ்பிரிங். பாரம் தாங்கியது, பள்ளம் தாங்கவில்லை.
பால் நிலையத்தில் சிவஞானவதி கரண்டி விட்டுப் பார்த்து,
"கறந்து கொண்டுவந்தனீங்களோ, கடைஞ்சு கொண்டுவந்தனீங்களோ?"
வெண்ணெய் திரளத் தாழி உடைந்ததாம் ஒருத்திக்கு.
எனக்குத் தாழி உடையாமலே நட்டம்.

பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் பூட்டி
உழவு மெசின் ரியூப்பை நாடா நாடாவாய் வெட்டி
கான்களைத் தொட்டில் கட்டினேன்.
அரைக் கானாய் இரண்டு கொண்டுபோவதில்லை,
கழுத்துமட்டும் நிரப்பி ஒன்று.
நிறைகுடம் தளும்பாது என்பது
ஆருக்கோ சொன்ன புத்தி என்றிருந்தேன்.
பாரம் ஏற்றும் முறை அது.

சைலன்சரை வளைத்து இருக்கைக்கு மேலே ஏற்றினோம்,
முத்தையன்கட்டுக் கலிங்குத் தண்ணி
முழங்கால்மட்டும் வந்தாலும் மூச்சடைக்காமல்.
யானைக்கு நல்லது என்று இமானுவேல்
அதன் உள்குழாயையும் உருவிவிட்டான்.
காடு அதிர்ந்தது. யானை விலகியது.
பட்டியில் மாடுகள் பாலை ஒளித்தன.
தர்மகுலத்தாரின் செவலை
வாளியை உதைத்து என்னைப் பார்த்தது.
அடுத்த நாள் உள்குழாய் உள்ளே போனது,
பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளோடு.

அதனால்தான் வியாழக்கிழமை
தனியன் என்னைக் கேட்கவில்லை,
நானும் அதைக் காணவில்லை.
வளைவில் ஒரு இருட்டு மற்ற இருட்டைவிடக் கூட அசைந்தது.
எஞ்சினை அணைத்தேன்.
சூடு ஆறும் இரும்பு டிக், டிக் என்றது,
அதை எப்படி அணைப்பது?
வலப்பக்கம் மண்டையோட்டுப் பலகை நின்ற இடம்.
கழற்றி ஆறு வருசம், துப்புரவு என்று எழுதியும் தந்தார்கள்.
என் ரயர் இன்னும் அந்தப் பக்கம் ஒரு சாண் போனதில்லை.
ஆகவே நின்றேன்.
தும்பிக்கை காற்றில் பாலைத் தேடியது.
பிறகு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி,
அது தன் பாட்டில் பாதையைக் கடந்து
அந்தப் பலகைப் பக்கத்துக்குள்ளேயே இறங்கிப் போனது.
காது கொடுத்துக் கொண்டிருந்தேன்.
குச்சி முறிந்த சத்தம் மட்டும்.

உதைத்தேன். பிடிக்கவில்லை.
பிளக்கைக் கழற்றினால் பெற்றோலில் குளித்திருந்தது.
சட்டைத் தலைப்பால் துடைத்து
வாயால் ஊதி, மாற்றுப் பிளக்கு இருக்கைக்கடியில்
காலுறைக்குள் இருந்தது ஞாபகம் வந்தபோது
பழையதை ஏற்கெனவே பூட்டி முடித்திருந்தேன்.
எட்டாம் உதையில் இருமியது.

நிலையத்தில் ஆறு நாற்பது.
சிவஞானவதி மானியை மிதக்கவிட்டு
"இண்டைக்கு நல்ல பால்" என்றாள்,
"ஏன் கை நடுங்குது?"
கிளச் இறுக்கம் என்றேன்.

பொய்யும் இல்லை. கிளச் வயரில்
மூன்று இழைதான் மிச்சம்.
புதுசு முந்நூற்றைம்பது ரூபாயாம்.
இரவு செயினுக்கு ஒயில் விட்டு
அந்த மூன்றையும் தொட்டுப் பார்த்தேன்.
வெளியில் மழை தொடங்கியிருந்தது.